சீட்டு விழாத தெரு

இல்லண்ணே, பிரிண்டர் ரிப்பேர்லாம் இல்ல. நல்லாத்தான் ஓடுது. ரூட் பேப்பர எதுக்குக் கையால எழுதிக் குடுத்தேன்னு சொல்றேன், கண்டிப்பாச் சொல்றேன். இந்தத் தண்ணி வண்டி ஊருக்குள்ள நொழையிறதுக்கு முன்னாடி சொல்லீர்றேன். இப்பத்திக்கு திண்டுக்கல் ரோட்டுலயே நேராப் போங்க. ரயில்வே கேட்டத் தாண்டி இடது பக்கம் திரும்பணும்ல, ஓடைக்கரைத் தெருவுக்கு? வழி என்னையவிட ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

ஆமா, ஒங்க மூணாவது டிரிப் பைபாஸ் பக்கம் இருக்க அந்தப் புது லே-அவுட்டுக்குத்தான். தெரியும்ண்ணே. அங்க இந்த வாரம் ஏற்கெனவே அஞ்சு லோடு போயிருச்சு. சம்ப்புத் தொட்டி நெறைஞ்சு ரோட்டுல ஓடுது, அதுல நாய் குளிச்சுக்கிட்டுக் கெடக்குன்னு முந்தாநேத்து நீங்கதான சொல்லிச் சிரிச்சீங்க. நான் யாரு தண்ணியையும் பிடுங்கல. மூணு தரம் பாத்துட்டுத்தான் எழுதினேன்.

கழுத்துல கார்டக் காணோமா? கார்டு ஆபீஸ்ல இருக்கு.

ரெண்டு வருசமா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து பேப்பர நீட்டுற பாண்டிமீனா, இன்னைக்கு வண்டில ஏறி ஒக்காந்துட்டான்னு ஒங்களுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. இம்புட்டு ஒசரத்துல இருந்து நான் ரோட்டப் பாத்ததே இல்ல. பஸ்ஸெல்லாம் சின்னதாத் தெரியுது. பயமான்னு கேக்காதீங்க. பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எறங்க மாட்டேன்.

பையா? அது ஒண்ணும் இல்ல. சாப்பாடு, தண்ணி, கொடை, ரெண்டு பேனா. எனக்கு எதுவும் ரெண்டா இருக்கணும்ண்ணே. பத்தாவது பரிட்சைக்குப் போறப்ப எங்கப்பா ரெண்டு பேனா வாங்கிக் குடுத்தாரு. ஒண்ணு எழுதலன்னா பக்கத்துல இருக்கவன்கிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காதன்னாரு. அவரு செங்கச் சூளையில கல்லு அறுக்குறாரு. பரிட்சை ஹாலு எப்பிடி இருக்கும்னு அவருக்குத் தெரியாது. கேட்டா கெடைக்காதுங்கறது மட்டும் தெரியும். எங்க வீட்டுல காலேஜ் போன மொத ஆளு நான். அதுக்குத் தனியா சர்டிபிகேட் குடுப்பாங்க, தாசில்தார் கையெழுத்தோட. அதையும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.

போச்சு, கேட்டப் போட்டுட்டான். ஆஃப் பண்ணிருங்கண்ணே. நேரம் ஆகும், கூட்ஸ் வண்டி போலருக்கு.

நல்லதாப் போச்சு. கார்த்திகை மாசம் நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? ஜன்னல் வழியாத் தலையக் குனிஞ்சு, ஏம்மா, ஓடைக்கரைக்கு நான் போயி நாளாச்சே, பேப்பர்ல வரவே மாட்டேங்குதேன்னீங்க. நான் தலைய நிமுத்திக்கூடப் பாக்கல. பத்தாக்குறை லிஸ்ட்ல அந்தத் தெரு இல்லண்ணே, அப்பத் தண்ணி போயிருக்கும், வேற வண்டி போயிருக்கும்னேன். நீங்க சரின்னு போயிட்டீங்க. அதுக்குத்தான் இப்பப் பதில் சொல்றேன். பன்னெண்டு வாரம் கழிச்சு.

அந்த டிரிப் சீட்டுக் கட்ட எடுங்க. பிங்க் சீட்டு. இந்த வாரத்துக் கட்டும் எடுங்க, மேல சொருகி வச்சிருக்கீங்களே, போன மாசத்துது, அதையும் எடுங்க. கலைக்க மாட்டேன், அடுக்கிக் குடுத்துருவேன்.

ஒரு லோடு எறக்குனா ஒரு சீட்டு. தெருப் பேரு, தேதி, ஒங்க கையெழுத்து, தண்ணி வாங்குன ஆளு கையெழுத்து. இந்தக் காப்பி ஒங்ககிட்ட, சாயங்காலம் நீங்க ஆபீஸ்ல போடுற இன்னொரு காப்பிய திவ்யா ஒண்ணு விடாமக் கம்ப்யூட்டர்ல ஏத்துவா. இப்பிடி மூணு வருசத்துச் சீட்டு உள்ள கெடக்கு. எம்புட்டு இருக்கும்னு நெனக்கிறீங்க? ஒரு லட்சம். பதினெட்டு வண்டின்னா சும்மாவா.

திங்கக்கெழம காலைல அதுகிட்ட ஒரு கேள்வி கேப்போம். நாங்க அத க்வெரின்னு சொல்லுவோம். போன ஏழு நாள்ல எந்தெந்தத் தெருவுக்கு ரெண்டு லோடுக்குக் கீழ போயிருக்கு? அதான் பத்தாக்குறை லிஸ்ட். அத வச்சுத்தான் ஒங்களுக்கு ரூட் பேப்பர். போன வாரம் போன எடத்துக்கெல்லாம் இந்த வாரமும் போகும், லிஸ்ட்ல இருக்க தெருவுக்குச் சேத்துப் போடுவோம். அம்புட்டுத்தான் முறை.

பழைய க்வெரி எப்பிடி வேலை செஞ்சுச்சுன்னா, தெருப் பேரெல்லாம் இருக்க நோட்டு ஒண்ணு இருக்குல்ல, இருநூத்திப் பதினாலு தெரு. அத மொதல்ல பரப்பி வைக்கும். அப்பறம் ஒரு லட்சம் சீட்டையும் எடுத்து, எந்தத் தெருச் சீட்டோ அந்தத் தெருவுக்கு நேரா அடுக்கும். மூணு வருசத்துச் சீட்டு அம்புட்டையும் அடுக்கி முடிச்ச பெறகு, ஒவ்வொரு அடுக்கா எடுத்து, இது பழசு, இது பழசுன்னு ஒதுக்கிட்டு, இந்த வாரத்துத மட்டும் எண்ணும். எண்ணி முடிக்க நாலு நிமிசம். அதுக்குள்ள மத்ததெல்லாம் நின்னுரும். திவ்யா கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா. வெளிய பதினெட்டு டிரைவரும் டீக்கடையில நின்னுக்கிட்டு ஆபீஸத் திட்டுவீங்க. திட்டுறது எனக்குக் கேக்கும்ண்ணே. நீங்களுந்தான்.

தீபாவளி கழிச்சு நம்ம மொதலாளி பால்பாண்டி சார் என்னையக் கூப்பிட்டு, பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல இருந்து பாக்க வாராங்கம்மா, நாலு நிமிசம் அவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்னத்தப் பேசுறது, இதக் கொறைன்னாரு. நான் ரெண்டு நாளு ஒக்காந்து கொறைச்சேன். நான்தான் கொறைச்சேன். அத மொதல்லயே சொல்லிர்றேன், வேற யாரும் அதுல கை வைக்கல.

என்ன செஞ்சேன்னு பாருங்க. இந்தாக் கெடக்கு சீட்டு. மூணு வருசத்துதையும் எதுக்கு அடுக்கணும்? அடுக்குறதுக்கு முன்னாடியே சல்லடையில போட்டுச் சலிச்சிரு. இந்த வாரத்துது மட்டும் கீழ விழட்டும். மத்தது வேணாம். இந்தா, போன மாசத்துத நான் ஓரமா வச்சுட்டேன். மிச்சம் இம்புட்டுத்தான். இத அடுக்க எம்புட்டு நேரமாகும்? போதாக்கொறைக்கு சீட்டையெல்லாம் தேதி வாரியாப் பிரிச்சு அடையாளமும் வச்சுட்டேன், நம்ம டைரில ஓரத்துல மாசம் மாசமா வெட்டி வச்சிருப்பாங்கள்ல, அது மாதிரி. நேரா அந்தத் தேதியப் போயித் தொடும். நாலு நிமிசம் ரெண்டு செகண்டாச்சு.

சும்மா விடலண்ணே. சோதிச்சுத்தான் பாத்தேன். பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மூணு தரம், ஒவ்வொரு தெருவா வெரல வச்சுப் பாத்தேன். ஒரு எழுத்து மாறல. அப்பறந்தான் சார்கிட்டச் சொன்னேன். சார் வந்தவுக முன்னாடி பட்டனத் தட்டுனாரு. லிஸ்ட் வந்து நின்னுச்சு. எங்க பாண்டிமீனா செஞ்சதுன்னு சொன்னாரு. சாயங்காலம் கேக் வாங்கிட்டு வந்து வெட்டச் சொன்னாரு. அந்தப் போட்டோவ எங்கப்பா இன்னும் ஸ்டேட்டஸ்ல மாத்தி மாத்தி வைக்கிறாரு. அவருக்கு அது பொறந்தநாள் கேக்கா என்னன்னுகூடத் தெரியாது.

இப்ப இந்த அடுக்கப் பாருங்க. லே-அவுட்டு அஞ்சு சீட்டு. மேலத் தெரு மூணு. பள்ளிக்கூடத் தெரு ஒண்ணு. அந்த ஒண்ணு, ரெண்டுக்குக் கீழ, அதனால லிஸ்ட்ல வரும். சரியா?

ஓடைக்கரை எங்கண்ணே இருக்கு?

தேடாதீங்க. இல்ல. ஒரு சீட்டும் இல்ல. சீட்டு இருந்தாத்தான அடுக்கு. அடுக்கு இருந்தாத்தான எண்ணுறது. நான் அடுக்குறதுக்கு முன்னாடியே சலிச்சுட்டேன்ல? சல்லடையில ஒண்ணுமே விழாத தெருவுக்கு அடுக்கே விழல. எந்த அடுக்கு ரெண்டுக்குக் கீழன்னு கேட்டா, இருக்கதத்தான் அது சொல்லும். ஒரு லோடு வாங்குனவன் பத்தாக்குறைன்னு வருவான். ஒண்ணுமே வாங்காதவன் வரமாட்டான். பூச்சியம்னுகூட வராது. அந்தத் தெருவே கெடையாதுங்கற மாதிரி அது பாட்டுக்குப் போயிரும்.

பழைய க்வெரி மெதுவா ஓடுனாலும் தெரு நோட்டப் பரப்பி வச்சுட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சுச்சு. சீட்டே இல்லாட்டியும் தெருப் பேரு அங்க நிக்கும், நேரா பூச்சியம்னு இருக்கும். நான் நோட்டப் பரப்பாம நேராச் சீட்டுலயே ஆரம்பிச்சு, அந்த நிக்கிற பேரத் தொடச்சுட்டேன். தெரியாமத்தான் தொடச்சேன். நான் சோதிச்ச வாரம் இருநூத்திப் பதினாலு தெருவுக்கும் ஒரு லோடாவது போயிருந்துச்சுண்ணே. அதான் ஒரு எழுத்தும் மாறல. நல்லா நடந்த வாரத்த வச்சு நான் சோதிச்சுட்டேன். ஒரு தெரு சுத்தமா விட்டுப்போனா என்னாகும்னு எனக்குத் தோணல. வெரல வச்சுப் பாத்தேன்னு பெருமையாச் சொன்னேனே, இருக்க பேரு மேலதான வெரல வைக்க முடியும்.

கூட்ஸ் போயிருச்சு. கேட்டத் தெறக்குறான், ஸ்டார்ட் பண்ணுங்க. சீட்ட அடுக்கிட்டேன், தேதிப்படி இருக்கு, பாத்துக்கங்க.

ஆமா, நீங்க சொல்றது சரிதான். கார்த்திகை மழையில ஓடைக்கரை தரைப்பாலம் ஒடஞ்சுச்சு. வண்டி எறங்காதுன்னு நீங்கதான் திரும்பி வந்தீங்க. ஒரு வாரம். ஒரே ஒரு வாரந்தான். அடுத்த வாரம் மண்ணக் கொட்டிப் பாதை போட்டுட்டாங்க. ஆனா அந்த வாரம் அதுக்குச் சீட்டு விழல. சீட்டு விழலன்னா அடுத்த வாரம் போன எடத்துக் கணக்குலயும் இல்ல, பத்தாக்குறை லிஸ்ட்லயும் இல்ல. பேப்பர்ல வராது. பேப்பர்ல வராட்டி நீங்க போக மாட்டீங்க. நீங்க போகாட்டி சீட்டு இல்ல. இப்பிடியே சுத்துது. இது மாதிரி ஒம்பது தெரு. ஒரு தெருவுல திருவிழான்னு பாதைய அடைச்சிருந்தாங்க. இன்னொன்னுல வண்டி பஞ்சரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரந்தான் தவறுச்சு.

எப்பிடித் தெரிஞ்சுச்சா? முருகம்மாள்னு ஒரு அம்மா வந்தாங்க, ஓடைக்கரையில இருந்து. ரெண்டு வாரம் ஆச்சு. அம்பது வயசு இருக்கும். டவுன் பஸ்ஸுல வந்து, விளாங்குடியில எறங்கி, வெயில்ல ஆபீஸத் தேடிக் கண்டுபிடிச்சு வந்து நின்னாங்க. கத்தல, சண்ட போடல. மழைக்காலத்துல ஊருணியில கொஞ்சம் கெடந்துச்சு தாயி, தை கழியவும் அதுவும் சேறாப் போச்சு, மெயின் ரோட்டுப் பம்புல போயித்தான் எடுத்துட்டு வாரோம், ரோட்டக் குறுக்க தாண்டணும், வண்டியெல்லாம் அந்த வேகத்துல வருதுன்னாங்க.

நான் என்ன செஞ்சேன்னு நெனக்கிறீங்க? ஸ்கிரீனத் திருப்பி அவுங்களுக்குக் காட்டுனேன். இந்தா பாருங்கம்மா, இதான் லிஸ்ட், இதுல ஒங்க தெரு இல்ல, அப்பத் தண்ணி வந்துக்கிட்டுத்தான் இருக்குன்னேன். நல்லா மரியாதையாத்தான் சொன்னேன். சேரு போட்டு ஒக்கார வச்சுத்தான் சொன்னேன். கொடத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டத் தாண்டுற மனுசிகிட்ட, ஒனக்குத் தண்ணி வந்துருச்சுன்னு ஆதாரத்தோட சொன்னேன்.

அவுங்க ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. படிக்கத் தெரியுமா என்னன்னு எனக்குத் தெரியல. அப்பறம் கேட்டாங்க, இந்தப் பொட்டிக்குள்ள எங்களக் காணோம்னா, நாங்க எங்க தாயி இருக்கோம்?

நக்கலாக் கேக்கல. நெசமாத்தான் கேட்டாங்க.

கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் அடுத்த வேலையப் பாத்தேன். ஆனா அது காதுலயே நின்னுச்சு. மறுநாள் காலைல போனதும், லிஸ்ட்கிட்டக் கேக்கல, நேராச் சீட்டுகிட்டக் கேட்டேன். ஓடைக்கரை, போன வாரம், எத்தன சீட்டு? ஒரு வரியும் வரல. அதுக்கு முந்துன வாரம்? வரல. கேட்டுக்கிட்டே பின்னால போனேன். கார்த்திகை வரைக்கும் வெறுமையா வந்துச்சு. பாத்ரூம்ல போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்து மறுபடி கேட்டேன். அப்பவும் வரல.

ஆமா, இடது பக்கம். அந்தப் புளியமரத்துகிட்ட. நீங்க மறக்கல.

சரிபண்ணுறது பெரிய வேலையான்னா, அதாண்ணே கோவம் வருது. ஒரு வரி. ஒரே ஒரு வரிய எடுத்து மேல வச்சா முடிஞ்சது. தெரு நோட்ட மொதல்ல பரப்பி வச்சிரணும். சலிச்சு விழுந்த இந்த வாரத்துச் சீட்ட அந்தப் பேருக்கு நேரா அடுக்கணும். சீட்டு இல்லாத தெரு, சீட்டு இல்லாமயே நிக்கும். அதுக்கும் ரெண்டு செகண்டுதான் ஆகுது. ரெண்டரைன்னு வச்சுக்கங்க. வேகமாவும் இருக்கலாம், யாரையும் விடாமயும் இருக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான்னு இருந்தா யோசிக்கலாம். இங்க யோசிக்கவே ஒண்ணும் இல்ல.

சார்கிட்டப் போயிச் சொன்னேன். சார் கெட்டவரு இல்லண்ணே. எனக்கு வேலை குடுத்தவரு. இங்கிலீசு சரியா வரலன்னு மூணு கம்பெனில திருப்பி அனுப்புனப்ப, கம்ப்யூட்டரோடதானம்மா பேசப் போறன்னு சேத்துக்கிட்டவரு. நான் சொன்னதக் கேட்டுட்டு, நல்லாக் கண்டுபிடிச்சம்மான்னாரு. அப்பறம், இது வெளிய போகக் கூடாதுன்னாரு. பன்னெண்டு வாரம் தப்பான லிஸ்ட்ட நம்ம கையெழுத்துப் போட்டு யூனியனுக்கு அனுப்பியிருக்கோம். இப்ப டெண்டர் வருது. டெண்டர் முடியட்டும், ஏப்ரல்ல சத்தமில்லாம மாத்திருவோம்னாரு.

ஏப்ரல்ண்ணே. இப்ப மாசி நடக்குது. இப்பவே இந்த வெயிலு. ஏப்ரல் வரைக்கும் அந்தம்மா ரோட்டத் தாண்டணும், டெண்டருக்காக.

நான் முடியாது சார்னேன். எப்பிடிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. மேசையப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா முடியாதுன்னேன். அவரு கோவப்படல. நான் ஒனக்காகத்தான் சொல்றேன், அதுல ஒம்பேருதான் இருக்கு, நாளைக்கு எவனும் கம்பெனியக் கேக்க மாட்டான், ஒன்னையத்தான் கேப்பான், ஒங்க வீட்டுல மொதப் படிச்ச புள்ள, பேரு கெட்டுப்போனா எவன் வேலை குடுப்பான்னாரு. நான் சொன்னேன், எம்பேரு இருக்குன்னுதான் சார் நான் சொல்லணும்னு.

ஒங்க ஊரான்னும் கேட்டாரு. ஒங்க சனம் இருக்காங்களா அங்கன்னு. நீங்களும் மனசுல அதத்தான நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? எங்க ஊரு பேரையூர் பக்கம். ஓடைக்கரையில எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அந்த ஒரு அம்மாவத் தவிர. அவுங்களுக்கு எம்பேரு கூடத் தெரியாது. சொந்தக்காரங்களா இருந்தாத்தான் கேக்கணும்னா, அவுங்ககிட்டப் பொய் சொன்னப்ப மட்டும் நான் என்ன சொந்தக்காரியாவா சொன்னேன்?

திங்கக்கெழம காலைல நானே அந்த வரிய மாத்தி ஓட விட்டேன். ஒம்பது தெருவும் வந்து நின்னுச்சுண்ணே, பூச்சியம், பூச்சியம்னு. அதப் பாக்குறப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எங்க இருக்கோம்னு கேட்டாங்கள்ல, இந்தா இருக்கீங்கன்னு. அரை மணி நேரந்தான். யூனியன்ல இருந்து போன் வந்துச்சு, என்னாங்க புதுசா ஒம்பது தெருன்னு. சார் அது டெஸ்ட் பண்ணுனதுங்க, தப்பா வந்துருச்சுன்னு சொல்லிட்டு, பழையபடி என் ரெண்டு செகண்டயே மாட்டி விட்டுட்டாரு. எனக்குப் பாஸ்வேர்டையும் மாத்திட்டாரு.

நேத்து நான் யூனியனுக்கு ஒரு மெயில் போட்டேன். அது டெஸ்ட் இல்ல, நெசம். தப்பு பண்ணது நான், இன்ன தேதியில பண்ணேன், இன்ன தேதியில கண்டுபிடிச்சேன், ஒம்பது தெரு பேரு இந்தான்னு. பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டு. இன்னும் பதில் வரல. வரும், வராமயும் போகும். பாப்போம்னு வச்சிருப்பாங்க.

இந்தா, தரைப்பாலம் வந்துருச்சு. இங்கனயே நிறுத்துங்கண்ணே. இல்ல, எறங்கும், மண்ணு கெட்டியாத்தான் இருக்கு. ஊருக்குள்ள நொழையிறதுக்கு முன்னாடி சொல்றேன்னு சொன்னேன்ல.

அந்த ரூட் பேப்பர்ல நான் போட்ட கையெழுத்து செல்லாதுண்ணே. காலைல ஒம்பதரைக்கு சார் என்னையக் கூப்பிட்டு, கார்டக் கழட்டி வச்சுட்டுப் போம்மான்னுட்டாரு. நான் கார்ட வச்சுட்டு, வெளிய வந்து, டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து அத எழுதுனேன். அதான் பிரிண்டர்ல வரல.

திட்டுறதுன்னா திட்டுங்க. ஒங்கள ஏமாத்திக் கூட்டிட்டு வந்த மாதிரிதான் இருக்கும். ஆனா தண்ணி எறங்குறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். பாண்டிமீனா பேப்பர் குடுத்தா, நம்பி வந்தேன்னு சொல்லீருங்க. அது பொய் இல்ல. இந்த நிமிசம் வரைக்கும் அது உண்மைதான். பேப்பர்ல தேதி, மணி, எம்பேரு எல்லாம் இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க. இதுக்கு மேல பாலத்துல எறங்குனா அது நீங்க முடிவு பண்ணது. வண்டியத் திருப்புனாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நீங்க பிள்ளகுட்டிக்காரரு. நான் இங்க எறங்கி நடந்து போயி அந்தம்மாகிட்ட, நான் சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருவேன். அத இன்னைக்குச் சொல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுலயும் இன்னும் சொல்லல.

ஒரு லோடு ஊத்தி என்னாகப் போகுதுன்னா? அதத்தாண்ணே ரயில்வே கேட்டுல இருந்து சொல்லிக்கிட்டு வாரேன். தண்ணி ரெண்டு நாள்ல தீந்துரும், தெரியும். நான் தண்ணிக்காக மட்டும் வரல. அந்தச் சீட்டுக்காக வந்தேன்.

ஒங்க சீட்டு ஒவ்வொண்ணுலயும் நம்பர் அச்சடிச்சிருக்கு. நடுவுல ஒரு நம்பர் விட்டுப்போனா ஆடிட்டுல கேப்பாங்க. அதனால நீங்க எழுதிப் போட்டா திவ்யா ஏத்தித்தான் ஆகணும், சார் நெனச்சாலும் கிழிக்க முடியாது. ஓடைக்கரை, இன்னைக்குத் தேதி, ஒரு லோடு. திங்கக்கெழம காலைல என்னோட அந்தத் தப்பு க்வெரியே ஓடட்டும். சல்லடையில ஒரு சீட்டு விழும். ஒரு சீட்டு விழுந்தா ஒரு அடுக்கு. எண்ணுனா ஒண்ணு. ரெண்டுக்குக் கீழ. லிஸ்ட்ல மொதல்ல வந்து நிக்கும், ஓடைக்கரை, ஒண்ணுன்னு. யாரு பாஸ்வேர்டும் வேணாம், யாரு அனுமதியும் வேணாம். அப்பறம் அது பாட்டுக்கு வாரா வாரம் பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கும்.

மிச்சம் எட்டுத் தெருவா? பையில பேரு எழுதி வச்சிருக்கேன். அத யோசிச்சா இப்பவே தலை சுத்தும். பதினெட்டு டிரைவர்ல எட்டுப் பேரு கெடைக்க மாட்டாங்களா?

அந்தா, கம்மாக்கரை பக்கத்துல நிக்கிறாங்க பாருங்க, பச்சச் சீலை, அந்தம்மாதான். வண்டியப் பாத்துட்டாங்க. ஓடி வரல, பாருங்க. நம்ம இங்கிட்டு வாரோமா, வழி தவறி வந்து நிக்கிறோமான்னு தெரியல அவுங்களுக்கு.

என்னாண்ணே, சட்டப் பையில தேடுறீங்க? பேனாவா?

இந்தாங்க. எங்கிட்ட ரெண்டு இருக்கு.